பொறி எழுதும் மறுமொழிக்குத் தமிழில் நெறி எங்கே?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1965இல், ஆவடித் தொழிற்சாலையில் விசயந்தா போரூர்தி உருப்பெற்று வெளிவந்தது. இரும்பைக் கடைந்தும் உருக்கை வளைத்தும் பொருள் படைத்தது தமிழ்த் தொழிலாளியின் கை. ஆனால், பொறியின் பிடி அவன் கையில் இருந்தது. அதன் அறிவோ ஆங்கிலக் கையேட்டில் இருந்தது. கேட்டும் கண்டும் பழகியே அவன் தொழில் கற்றான். அன்று நேர்ந்த அந்த இழிவு இன்று புதுக்கோலம் பூண்டு மீண்டும் வந்திருக்கின்றது.

கடைசற் பட்டறைகளுக்கு அண்டையிலேயே இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாடங்கள் எழுந்து நிற்கின்றன. பூவிருந்தவல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் இளைஞர்கள் நாள்தோறும் அங்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர்க்கு அன்றாட வேலை சிக்கற்சீட்டுகளோடுதான். மென்பொருளில் பிழை தோன்றினால் அதற்கு ஒரு சீட்டு பதிவாகும். எண், செய்தி, பொறுப்பாளர், நிலை ஆகியவை அதன் தலையில் இருக்கும். அதன்கீழ், ஆய்ந்தவர் ஒவ்வொருவரும் தம் கருத்துரையை வரிசையாக எழுதுவர். அங்கு எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் பொறுப்பாவார் என்பதே அம்முறையின் உயிர்.

இன்று அக்கருத்துரையை மாந்தன் மட்டும் எழுதவில்லை. செயற்கை நுண்ணறிவைப் பிற கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை ஒன்றை 2024 நவம்பரில் ஆந்திரோப்பிக் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. அதன்பின், சீட்டைத் தானே படித்து, தானே ஆய்ந்து, தானே கருத்துரை எழுதும் முகவர்ப் பொறிகள் விரைந்து பெருகின.

இத்தகைய கருவிக்குக் கையேடு என்பது வெறும் விளக்கத்தாள் அன்று, அதுவே சட்டம். பொறி யார் பெயரால் எழுதும்? படிக்க மட்டும் உரிமையா, எழுதவும் உரிமையா, சீட்டை முடித்துவைக்கவும் உரிமையா? எழுதியது பொறியே என்னும் குறி இருக்குமா? வெளியிடுமுன் ஒரு மாந்தன் பார்த்து ஒப்புவானா? ஒரு பொறிக்கு மற்றொரு பொறி மறுமொழி சொல்லி முடிவின்றி ஓடினால், நிறுத்துவது எங்ஙனம்? இவ்வனைத்தும் கையேட்டிலேயே விளங்கவேண்டும். அக்கையேடோ ஆங்கிலத்திலேயே பிறக்கின்றது!

இதனால் என்ன கேடு என்பார் உளர். கேட்க: சீட்டு என்பது எவரும் எழுதக்கூடிய மடல். அம்மடலுக்குள் ஒரு தீயவன் கட்டளை ஒன்றை மறைத்து எழுதினால், பொறி அதனைச் செய்தியென்று கொள்ளாமல் ஆணையென்று கொண்டு கீழ்ப்படியக்கூடும். கிட்கப்பு தளத்தின் பொதுச் சீட்டில் இவ்வாறு எழுதி, பூட்டிவைத்த தனிக்கோப்புகளின் செய்தியைப் பொறி வாயிலாகவே வெளிக்கொணர முடியும் என்பதை 2025 மே திங்களில் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். காவலனுக்குப் புரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை காவலாகுமா?

"கணினியாளர்க்கு ஆங்கிலம் தெரியுமே" என்பர். சிக்கற்சீட்டு கணினியாளர்க்கு மட்டும் உரியதன்று. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019இல் மாநகராட்சியாயிற்று. தெருவில் கழிவுநீர் தேங்கினால் குடிமகன் பதியும் முறையீடும் எண் பெற்ற ஒரு சீட்டே. நாளை அதன்கீழும் பொறி எழுதலாம். "தீர்க்கப்பட்டது" என்று எழுதிப் பொறி சீட்டை மூடிவிட, தெருவில் கழிவுநீர் அப்படியே நின்றால், அந்தக் குடிமகன் யாரைக் கேட்பான்? எழுதியது மாந்தனா பொறியா என்பதையேனும் தன் மொழியில் அறிய அவனுக்கு உரிமை இல்லையா? தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இலேயே நிறைவேறியது. அச்சட்டம் தாளுக்கு மட்டுந்தானா, பொறிக்கு இல்லையா?

"தமிழில் சொல் இல்லை" என்பது அடுத்த பசப்பு. கணினி, இணையம், மென்பொருள், கடவுச்சொல் ஆகியவை எந்நாட்டுச் சொற்கள்? கையேடு எழுதும் கலையையும் தமிழன் எவனிடமும் கடன்பெற வேண்டியதில்லை. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூற் பாயிரம் என்றோ வகுத்துவிட்டது. குறைத்துச் சொன்னால் குன்றக் கூறல். ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றும் சொன்னால் மாறுகொளக் கூறல். அளவுமீறிச் சொன்னால் மிகைபடக் கூறல். கருவிக் கையேட்டுக்கு இவற்றினும் சிறந்த உரைகல் உண்டா? பொறியின் கருத்துரைக்கும் இதுவே உரைகல். கர்ல் என்னும் மென்பொருளைக் காத்துவருபவர், பொறி புனைந்த பொய்ப் பிழையறிக்கைகளால் தம் உழைப்பு வீணாவதை 2024 சனவரியிலேயே உலகறிய முறையிட்டார். நீளமும் பணிவும் நிறைந்து, உண்மை மட்டும் இல்லாத அறிக்கைகள் அவை!

ஆற்றல் இல்லாமல் தமிழர் தாழவில்லை. முறையீட்டுச் சீட்டு மென்பொருளை உலகுக்கு விற்ற பிரெசுவொர்க்சு நிறுவனம் 2010இல் தோன்றியது இந்தச் சென்னையில்தான். கருவி படைக்கத் தெரிந்தவனுக்கு அதனைத் தன் தாய்க்குத் தன் மொழியில் விளக்க நாணம் வருகின்றதே, அதுவே நோய்!

செய்யவேண்டியவை மூன்று. அரசும் மாநகராட்சிகளும் இத்தகைய கருவியை வாங்குமுன் தமிழ்க் கையேட்டைக் கட்டாயமாகக் கேட்டுப் பெறவேண்டும். மக்கள் முறையீட்டின்கீழ்ப் பொறி எழுதும் ஒவ்வொரு மறுமொழியும் தமிழில் அமைந்து, பொறி எழுதியது என்னும் குறியையும், பொறுப்பேற்கும் அலுவலரின் பெயரையும் தாங்கவேண்டும். மூன்றாவது, மென்பொருள் தொழிலில் உள்ள தமிழிளைஞர் ஒவ்வொருவரும் தாம் ஆளும் கருவிக்குத் தமிழில் ஒரு பக்கமேனும் விளக்கம் எழுதவேண்டும். பிழையிருந்தால் பிறர் திருத்துவர். எழுதாமல் இருப்பதே பெரும்பிழை.

அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழன் கையில் பொறி வந்தது, கையேடு வரவில்லை. இன்று பொறியே எழுதத் தொடங்கிவிட்டது. இன்றும் தமிழன் எழுதாவிடின், அவன் முறையீட்டையும் அதற்கு மறுமொழியையும் அயன்மொழியில் பொறிகளே எழுதிக்கொள்ளும். அவன் தன் தெருவிலேயே ஊமையாய் நிற்பான். எழுதுக, தமிழில் எழுதுக!