பங்கை இப்போதே எழுதிவிடுங்கள்: கல்லூரிக் கபடியும் தொலைக்காட்சிப் பணமும்

கல்லூரி விளையாட்டுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை வேண்டும் என்ற பேச்சு கொஞ்ச நாளாக அடிக்கடி காதில் விழுகிறது. 2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் ‘பைசன்’ வந்தது. அதே மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடிய இந்தியக் கபடி அணி தங்கம் வென்றது. அதற்குப் பிறகு முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கபடிதான். “நம்ம பசங்க ஆடுறத டிவியில போட்டா கோடிக்கணக்குல வருமே தோழர், ஏன் யாரும் செய்ய மாட்டேங்குறாங்க?” என்று கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார்.

வரும். ஆனால் இன்றைக்கே கோடி வராது. வருகிற நாளில் அது யார் வீட்டுக்குப் போகும் என்பதுதான் நம்முடைய கேள்வி. அதற்கான பதிலை, பணம் சின்னதாக இருக்கும்போதே காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இந்த யோசனையின் அசல் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ‘கான்ஃபரன்ஸ்’ என்று ஒரு கூட்டமைப்பாகத் தங்களுக்குள் ஆடுகின்றன. அதில் ஒன்றான பிக் டென், 2007 ஆகஸ்ட் 30 அன்று சொந்தமாக ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. கூட்டமைப்புக்கு 51 சதவீதம், ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு 49. தொடங்கிய முதல் சனிக்கிழமையே மிச்சிகன் என்ற ஜாம்பவானை அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி 34–32 என்று சாய்த்துவிட்டது. அந்த ஆட்டத்தை மிச்சிகனிலேயே ஏராளமான வீடுகளில் பார்க்க முடியவில்லை. காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் நிறுவனம் அந்த அலைவரிசையை எடுக்க மறுத்திருந்தது. விளையாட்டுப் பிரியர்கள் மட்டும் தனியாகக் காசு கட்டிப் பார்க்கட்டும் என்றது காம்காஸ்ட். எல்லா வீட்டுச் சந்தாவிலும் மாதாமாதம் எங்களுக்கு ஒரு தொகை வரவேண்டும் என்றது பிக் டென். 2008 கோடையில்தான் சமாதானம் ஆனது.

வருமானத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்ப்பவர் கொடுக்கும் காசில் அந்த அலைவரிசைகள் கொழுக்கவில்லை. பார்க்காதவர் வீட்டுக் கேபிள் கட்டணத்திலிருந்தும் மாதம் சில்லறை சில்லறையாகப் போகிறது. கோடிக்கணக்கான வீடுகளிலிருந்து போவதால் அது மலையாகிறது. விளம்பரம் அதற்கு மேல். இதைப் பார்த்து எஸ்.இ.சி. கூட்டமைப்பு 2014இல் இ.எஸ்.பி.என். நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது. பசிபிக் கரையின் பேக்-12 கூட்டமைப்பு மட்டும் 2012இல் வேறு வழியில் போனது. எந்த நிறுவனத்துக்கும் பங்கு தராமல் நூறு சதவீதம் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொண்டன. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் டைரக்டிவி என்ற பெரிய டிஷ் நிறுவனம் கடைசிவரை அதை எடுக்கவே இல்லை. எதிர்பார்த்த பணம் வரவில்லை. பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வேறு கூட்டமைப்புகளுக்குப் போய்விட, 2024இல் அலைவரிசையை மூடினார்கள். ஆக, அலைவரிசை தொடங்குவது பெரிய காரியமில்லை. அதை வீட்டுக்குள் கொண்டுபோகும் கம்பி யார் கையில் என்பதுதான் காரியம்.

இந்தக் கணக்கில் ஒரு தரப்பைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. ஆடியவர்கள். அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் பெரிய பல்கலைக்கழக அணிகளின் முதுகெலும்பு கறுப்பின இளைஞர்கள். பயிற்சியாளருக்கு ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம். ஆடும் பையனுக்குக் கல்வி உதவித்தொகை மட்டும். ‘நீ மாணவன், காசு வாங்கினால் விளையாட்டின் தூய்மை கெட்டுவிடும்’ என்று சொல்லப்பட்டது. தூய்மை என்ற சொல்லை யாராவது எடுத்தாலே நமக்குக் காது விறைக்கும். காரணத்தை இங்கே வருகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எட் ஓபேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், ஒரு வீடியோ கேமில் தன் உருவத்தைத் தன்னைக் கேட்காமலேயே விற்றிருப்பதைப் பார்த்துவிட்டு 2009இல் வழக்குப் போட்டார். பிறகு வழக்கு மேல் வழக்கு. 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வீரர்கள் பக்கம் நின்றது. 2025 ஜூனில்தான், ஒரு சமரசத் தீர்வின் மூலம், பல்கலைக்கழகங்கள் தங்கள் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்று ஆனது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டில் ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை. பிக் டென் அலைவரிசை தொடங்கி அப்போது பதினெட்டு ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டில் ஆடி, முட்டி உடைந்து வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்!

இங்கே வருவோம். நம் நாட்டில் கபடியைத் தொலைக்காட்சிப் பண்டமாக்கியது புரோ கபடி லீக். 2014 ஜூலையில் மஷால் ஸ்போர்ட்ஸ் தொடங்கியது. முதல் பருவத்தையே 43.5 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்குக் காட்டினார்கள், ஐ.பி.எல்லுக்கு அடுத்த இடம். மறு ஆண்டே மஷால் நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கை ஸ்டார் வாங்கிவிட்டது. 2021இல் ஐந்து பருவங்களுக்கான ஒளிபரப்பு உரிமை ஏலம் போனது 908.7 கோடி ரூபாய்க்கு. எடுத்தது யார்? ஸ்டார். விற்கும் நிறுவனத்தின் பெரும்பங்கு அவர்களுடையது, வாங்கியவர்களும் அவர்களே. இப்போது அது ஜியோஸ்டார்.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மணத்தி கணேசன் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995இல் அர்ஜுனா விருது வாங்கிய காலத்தில் கபடிக்காரருக்கு அதிகபட்சக் கனவு ஓர் அரசு வேலை. இன்று ஏலத்தில் இரண்டு கோடியைத் தாண்டி விலைபோகும் வீரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏலத்துக்குப் போகும் ஒருவருக்குப் பின்னால் கல்லூரி அணியோடு நின்றுபோகும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்லூரி அலைவரிசை வந்தால் அந்த ஆயிரம் பேருடைய ஆட்டம்தான் சரக்கு.

எங்கள் பக்கத்தில் அந்தச் சரக்கு ஏற்கனவே விற்பனையில்தான் இருக்கிறது. பொங்கலுக்கும் கோயில் விழாவுக்கும் நடக்கிற ஊர்க் கபடியைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் அணிகள் கட்டுவது. முதல் பரிசு ரொக்கம் ஒருவர் உபயம், சுழற்கோப்பை இன்னொருவர் உபயம், சீருடை சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் உபயம். உபயதாரர் முகங்கள் ஃபிளெக்ஸில் வரிசையாக இருக்கும்; ஃபிளெக்ஸின் நிறத்தைப் பார்த்தாலே எந்தச் சமூகத்துப் போட்டி என்று தெரிந்துவிடும். இதெல்லாம் இப்போது யூடியூபில் நேரலை. ஆயிரம் சந்தாதாரரும் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பரக் காசு வரத் தொடங்கும். அதில் 55 சதவீதம் சேனல்காரருக்கு, மீதி யூடியூபுக்கு. ஆடிய பையனுக்கு? ராத்திரி புரோட்டா. அதுவும் ஜெயித்தால்.

அந்த நேரலையின் அரட்டைப் பெட்டியை ஒருமுறை படித்துப் பாருங்கள். புள்ளி எத்தனை என்று கேட்பவர் குறைவு. எந்த ஊர், எந்தத் தெரு, ‘யாரு பசங்க’ என்பதுதான் ஓடும். சேனல்காரருக்கு அதுவும் லாபம். சண்டை வலுத்தால் பார்வை கூடும். சாதியை ஒரு வருமான வழியாக நம் ஊர்க் கபடி ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டது என்பதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் நிலவரம். ஊர்ப் போட்டிக்கு அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனால், சாதி அடையாளம் உள்ள சீருடை போடக் கூடாது என்று நீதிமன்றமே நிபந்தனை எழுத வேண்டியிருக்கிறது.

இது அரட்டைப் பெட்டியோடு நிற்பதுமில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சை எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி வெட்டி விரல்களைத் துண்டித்தார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். 1957இல் இம்மானுவேல் சேகரனைப் பறிகொடுத்த மண்ணில் இருந்துகொண்டு இந்தச் செய்தியைப் படிப்பது எப்படியிருக்கும் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஜெயித்துவிட்டு ஊர் திரும்பும் பாதைதான் எங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் கடினமான பகுதி.

இதனால்தான் கல்லூரி விளையாட்டு ஒளிபரப்பை நான் எதிர்க்கவில்லை. எதிர்க்கும் தோழர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்த வட்டாரத்தில் காலனிப் பையனும் ஊர்த் தெருப் பையனும் ஒரே நிறச் சட்டை போட்டு, முதுகில் ஒரே பெயரைச் சுமந்து, கைகோத்து ஒருவனைப் பிடிக்கிற இடம் கல்லூரி அணி ஒன்றுதான். அங்கேயும் கயிறு நுழைகிறது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த நீதியரசர் சந்துரு அதைத்தான் கழற்றச் சொன்னார். ஆனாலும் ஃபிளெக்ஸ் கட்டிய ஊர்த் திடலும், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக மைதானமும் ஒன்றல்ல. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் அங்கே வந்து மோதும் ஆட்டத்தை நம் ஊர் வீடுகளில் பார்த்தால், ‘யாரு பசங்க’ என்ற கேள்விக்கு ‘பரமக்குடி காலேஜ்’ என்றோ ‘சேதுபதி காலேஜ்’ என்றோ பதில் வரும். இந்தப் பதிலுக்கு விலை உண்டு. அதை எந்த விளம்பர நிறுவனமும் கணக்கிடாது.

விளையாட்டு வந்தால் சாதி தானாகக் கரையும் என்று நம்புகிறவன் அல்ல நான். பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனேயில் அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள் அவருக்குத் தேநீரைத் தனி மண் குவளையில் வெளியே கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் வந்தாலும் குவளையை மாற்ற ஆள் வேண்டும்.

சரி, வருமானம். வீட்டுக்குள் போகும் கம்பி பேக்-12க்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலோ அந்தக் கம்பி அரசாங்கத்திடமே இருக்கிறது. 2011இல் மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கிய அரசு கேபிள் இருக்கிறது. 2019இலிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று புதுப்பெயர் சூடியதே கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுத் தொடக்க விழா மேடையில்தான். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு தனியாக நடக்கிறது. திடல், ஆள், அலைவரிசை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தனி அலைவரிசைகூட வேண்டாம். மாலையில் மூன்று மணி நேரம் போதும்.

பணம் எவ்வளவு வரும்? முதல் சில ஆண்டுகளுக்குக் கேமரா, விளக்கு, விரிப்பு, வர்ணனையாளர் செலவுக்கே போதாது என்றுதான் நினைக்கிறேன். துணிக்கடையும் நகைக்கடையும் உர நிறுவனமும் கொடுக்கும் விளம்பரம் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். கோடி வரும் என்று யாராவது திட்ட அறிக்கை நீட்டினால், பின்னால் நிற்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு தனியார் தயாரிப்பு நிறுவனம் நிற்கும். அவர்கள் கேட்பது நீண்டகாலத்துக்கு முழு உரிமையாக இருக்கும். பல்கலைக்கழகமும் ‘இலவசமாகத்தானே படம் பிடிக்கிறார்கள்’ என்று கையெழுத்துப் போட்டுவிடும். போட்ட பிறகு பத்து ஆண்டு கழித்துக் கபடிக்குச் சந்தை திறந்தால், வழக்குப் போட நம்மிடம் ஓபேனன் இல்லை. சனி ஞாயிறுகளில் கரிமூட்டத்துக்கும் மிளகாய்ப் பழம் எடுக்கவும் சமையல் வேலைக்கும் போய்க்கொண்டே ஆடும் பையன்தான் இருப்பான். போட்டிக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. அந்த இழப்பை இதுவரை எந்தக் கல்லூரியும் செலவுக் கணக்கில் எழுதிப் பார்த்ததில்லை.

ஆகவே உரிமை பல்கலைக்கழகத்திடமே இருக்கட்டும். வெளியாருக்குக் கொடுத்தால் ஓராண்டு, ஈராண்டு மட்டும். வருகிற ஒவ்வொரு ரூபாயிலும், லாபத்தில் அல்ல வரவில், ஒரு பங்கு ஆடியவர்களுக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ‘லாபத்தில் பங்கு’ என்று எழுதினால் லாபமே வராது. கணக்கு எழுதுகிறவர் பார்த்துக்கொள்வார். ஆடும் நாளுக்கு நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாத படி, காயத்துக்குக் காப்பீடு, போட்டி முடிந்து இரவில் ஊர் திரும்ப வண்டி. வண்டியை நான் சலுகையாகக் கேட்கவில்லை, காரணம் மேலே இருக்கிறது. நேரலையில் அரட்டைப் பெட்டியை மூடிவிட வேண்டும். பெண்கள் ஆட்டத்துக்குச் சம நேரம் வேண்டும். அதோடு, தன் படத்துணுக்கை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு வேண்டும். மகளைக் கபடிக்கு அனுப்ப மறுக்கும் அம்மாக்கள் எங்களிடம் முதலில் சொல்வது அடிபடும் பயத்தை அல்ல, அந்த வீடியோவின் கீழே எழுதப்படுவதை.

கல்லூரியில் சேரும்போது விளையாட்டுக் கட்டணத்துக்கு ரசீது தருகிறார்கள். அணியில் சேரும்போது ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒளிபரப்பு வருகிற ஆண்டில் அந்தத் தாளில் ஒரு வரி கூடும்: என் ஆட்டத்தைப் படம் பிடிக்கவும் விற்கவும் சம்மதிக்கிறேன் என்று. அந்த வரிக்குப் பக்கத்தில், எத்தனை சதவீதம் என்று எழுத ஒரு கட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.