ஒரு கிண்ண உணவின் விலை

உணவின் விலையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன்கண் அமைந்த பண்டங்களையே எண்ணுவர். மா இத்துணை, இறைச்சி இத்துணை, விறகு இத்துணை எனக் கணக்கிட்டு, எஞ்சிய சிறுதொகையே ஆக்கியவன் கைக்கு உரியதென ஒதுக்குவர். இக்கணக்கு முறையாகாது என்பது எம் கருத்து. இதனை விளக்குதற்குச் சீன நாட்டின் வடமேற்கிலுள்ள லான்ஜோ நகரத்து உணவுச்சாலைகளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

லான்ஜோ என்பது கான்சு மாகாணத்தின் தலைநகர். மஞ்சளாற்றின் கரையில் அமைந்தது. கோதுமை மாவைக் கையால் இழுத்து நூடுல்ஸ் இழைகளாக்கி, மாட்டிறைச்சிச் சாற்றில் இட்டு உண்ணுதல் அந்நகரத்தார்க்குக் காலை வழக்கம். ஹூய் எனப்படும் சீன முஸ்லிம் மக்களிடையே வளர்ந்தது இவ்வுணவு. இதன் இன்றைய வடிவத்தை 1915ஆம் ஆண்டில் மா பாவோசி என்பார் வகுத்தனர் என்பது அவ்வூரார் கூற்று. இதற்கு ஐந்து இலக்கணங்கள் வகுத்துள்ளனர். சாறு தெளிந்திருத்தல் வேண்டும்; முள்ளங்கி வெண்மையாயும், மிளகாய் எண்ணெய் செம்மையாயும், கொத்துமல்லியும் பூண்டுத்தாளும் பசுமையாயும், இழைகள் இளமஞ்சளாயும் இருத்தல் வேண்டும். இவ்வைந்தும் ஒருங்கமைந்த கிண்ணம் நாவிற்கேயன்றிக் கண்ணுக்கும் விருந்தாம்.

இவ்வுணவுச்சாலையுட் புகுவோர் முதலிற் பணம் செலுத்திச் சீட்டுப் பெறுவர். பின்னர் அடுக்களைச் சாளரத்தருகே சென்று, தமக்கு வேண்டிய இழையின் பருமனைச் சொல்லுவர். மயிரினும் மெல்லியது போல்வது, சற்றே தடித்தது, பூண்டிலை போல் தட்டையானது, அகன்ற பட்டையாயது, முப்பட்டையாயது எனப் பலவகை உண்டு. கேட்ட அளவில் சமையல் வல்லான் மாவில் ஒரு கட்டியை எடுத்து, இருமுனையும் பற்றி இழுத்து, இரண்டாய் மடித்து, மீண்டும் இழுப்பான். ஒவ்வொரு மடிப்பிலும் இழைகளின் தொகை இரட்டிக்கும். எட்டு முறை மடித்தால் ஒன்றாயிருந்தது 256 ஆகும். ஓரிரு நிமிடத்துள் அவ்விழைகள் கொதிநீரில் வீழ்ந்து வெந்து, சாற்றொடு கிண்ணத்தை அடையும்.

காண்பார்க்கு இது விளையாட்டாகவே தோன்றும். ஆயின், மாவொடு நீரும் உப்பும் கலந்து, ஒருவகைச் செடியைச் சுட்டுப் பெறும் சாம்பற்காரத்தையோ அதற்கீடான காரப்பொடியையோ சேர்த்து, நெடும்பொழுது பிசைதல் வேண்டும். சிறிது பொழுது அடங்கவிட்டுப் பின்னும் பிசைதல் வேண்டும். அக்காரமே இழைக்கு இளமஞ்சள் நிறம் தருவது. மாவை அறாது நீளச் செய்வதும் அதுவே. நீர் மிகின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். குறையின் இடையில் அறும். வேனிற்கு ஏற்ற பதம் குளிர்காலத்திற்கு ஏலாது. இவற்றையெல்லாம் விரலே அறிதல் வேண்டுமாதலின், இத்தொழில் நாட்பல பயின்றார்க்கே வாய்க்கும். சாறும் விடியுமுன்னரே எலும்பும் இறைச்சியும் மணப்பொருள்களும் இட்டுக் காய்ச்சப்படுவது. ஊரார் எழுமுன் எழுந்து உழைப்போரின் உழைப்பே அக்கிண்ணத்தை நிறைக்கின்றது.

நிற்க. 2007ஆம் ஆண்டில் மா, இறைச்சி முதலியவற்றின் விலை ஏறவே, லான்ஜோ நகரத்துக் கடைக்காரர் பலர் கிண்ணத்தின் விலையை உயர்த்தினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நகர அதிகாரிகள் தலையிட்டு, சாதாரணக் கடைகளிற் பெரிய கிண்ணம் ஒன்றிற்கு 2.5 யுவானுக்கு மேற்பட வாங்கலாகாதென வரம்பு கட்டினர். இவ்வரம்பு தக்கதோ தகாததோ என்பது பற்றிப் பெரியதொரு வாதம் எழுந்தது.

வரம்பு கட்டினோர் பக்கத்தும் நியாயம் உண்டென்பதை யாம் மறுக்கிலேம். கூலியாளும் மாணவனும் நாள்தோறும் உண்ணும் உணவு அவர் கைக்கு எட்டாதாகுமாயின், அந்நகரம் தன் இயல்பையே இழந்ததாகும். வணிகர் தம்முள் ஒருங்குகூடி விலை குறித்தலும் போற்றத்தக்க செயலன்று. ஆயினும், பண்டங்களின் விலை ஏறியவிடத்துக் கிண்ணத்தின் விலையை மட்டும் கட்டி நிறுத்தின், குறைவது எது? இறைச்சித் துண்டு சிறுகும்; சாறு நீர்க்கும்; இவை கண்ணிற்படும். கண்ணிற்படாது குறைவது இழைப்பவன் கூலி. மாவிற்பான் விலை குறைத்து விற்க மாட்டான்; இடத்திற்கு உரியவன் வாடகையைக் குறையான். எஞ்சி நிற்பவன் கையை நம்பி வாழ்பவனே. ஏழைக்கு மலிந்த உணவு வேண்டுமென்பது அறமாயின், அவ்வறத்தின் சுமையை மற்றோர் ஏழையின் தோள்மீது ஏற்றுதல் அறமாகுமோ? நகரம் முழுவதற்கும் நன்மையாவதன் செலவை நகரம் முழுவதும் பொதுநிதியினின்று தாங்குதலே நேரிது என்பேம்.

லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் ஆக்கும் திறன் 2021ஆம் ஆண்டில் சீன நாட்டின் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. இது மகிழத்தக்கதே. ஆனால், பட்டியலில் ஏறிய புகழ் கொதிகலத்தின் முன்னர் நிற்பவனுக்கு ஊதியமாகாது. ஒரு திறனைப் புகழ்ந்துவிட்டு அதற்குரிய கூலியை எண்ணி எண்ணிக் கொடுப்போமாயின், இளைஞர் அதனைக் கற்க முன்வாரார். இழைகளை ஆக்கும் பொறிகளோ இன்று பெருகிவிட்டன.

பொறியால் ஆயதை உண்டால் என்னை எனச் சிலர் வினவலாம். பசி தீர்தற்குத் தடையில்லை. எனினும், பொட்டலத்தில் அடைபட்டு வரும் இழைக்குப் பருமன் முன்னரே குறிக்கப்பட்டது. உண்பவனை அது வினவுவதில்லை. லான்ஜோவிலோ, பல்லில்லா முதியவர் மெல்லிழை கேட்பர். கடும்பசியுடைய தொழிலாளி அகன்ற பட்டை கேட்பான். இருவர்க்கும் அவரவர் விரும்பியது ஒரே மாவினின்று அந்நொடியே ஆகின்றது. கொடுக்கும் விலை சிறிதாயினும், கேட்டதைப் பெறும் உரிமை அங்கே எளியவனுக்கும் உண்டு. அவ்வுரிமை, கேட்டறிந்து இழைக்கும் கையொன்று உள்ள வரையில்தான் நிலைக்கும்.

ஆதலின், நண்பர்காள், எந்நாட்டு உணவுச்சாலையில் அமரினும், விலை மலிவென்று மகிழுமுன் அம்மலிவு யாருடைய கூலியினின்று வந்தது என்று ஒருகால் உசாவுவோமாக. சிறிது மிகுதியாகக் கொடுக்க இயல்வோர் முணுமுணுக்காது கொடுக்க. இயலாதார்க்கு உதவுதற்கு ஊர் பொறுப்பேற்க. உண்பவனும் ஆக்குபவனும் ஒருங்கே நிறைவுறும் விலையே நேர்மையான விலையாம்.