மௌனம் நலமன்று

நுழையும்முன்

நாட்டின் நினைவு முன்பு ஏட்டிலும் பேரேட்டிலும் இருந்தது. இன்று கணினிகளில் இருக்கிறது. அந்நினைவை ஓரிடத்தில் குவிக்காமல் பல இடங்களில் பகிர்ந்து வைக்கிறோம். அவ்வாறு பகிர்ந்து வைத்தவற்றை இமை சோராமல் காப்பவர் யார்? கருவியா? மனிதரா? இவ்வினாவை எழுப்பி விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஏரித்தொடர் கற்பிக்கும் பாடம்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் பல, ஏரிகளைச் சார்ந்து வளர்ந்தவை. சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகள் தனித்து நிற்பவை அல்ல. ஓர் ஏரி நிறைந்ததும் மிகைநீர் கலங்கல் வழியே வெளியேறும். கால்வாய்களாலும் பிற ஏரிகளாலும் ஏற்கப்பட்டு இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். நீரை ஒரே பெரும்பள்ளத்தில் தேக்கினால் அதன் கரை உடையும் நாளில் அனைத்தும் போய்விடும். பல ஏரிகளில் பகிர்ந்து தேக்கினால் ஒன்று உடைந்தாலும் மற்றவை நிற்கும்.

ஏரிகளை வெட்டியதோடு நம் முன்னோர் அமைதி கொள்ளவில்லை. நீர்ப்பங்கீட்டைக் கவனிக்க நீர்க்கட்டி என்னும் பணியாளரை அமர்த்தினர். கரையோரம் நடந்து கசிவு பார்ப்பதும், உரிய நேரத்தில் மடையைத் திறந்து மூடுவதும் அவர் கடமை. பகிர்ந்து வைத்தல் ஒரு பணி. பகிர்ந்து வைத்ததைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருத்தல் மற்றொரு பணி. இரண்டாவது தவறினால் முதலாவதும் வீணாகும். இன்றைய கணினி உலகிற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

ஒரு பயணச்சீட்டின் பின்னே

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்தில் ஒருவர் நிற்கிறார் எனக் கொள்வோம். அவர் வேண்டுவது புதுதில்லியிலிருந்து புறப்படும் ஒரு வண்டியில் இருக்கை. அவ்வண்டியின் இருக்கைப் பட்டியல் தாம்பரத்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை. இருப்பினும் சில நொடிகளில் சீட்டு அவர் கைக்கு வருகிறது. எவ்வாறு?

இந்திய இரயில்வேயின் கணினிவழி முன்பதிவு 1985இல் புதுதில்லியில் தொடங்கியது. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் எழுந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு மையமும் தனித்தீவாக இயங்கியது. இரயில்வே தகவல் அமைப்பு மையமாகிய 'கிரிஸ்' உருவாக்கிய 'கான்செர்ட்' என்னும் மென்பொருள் இத்தீவுகளுக்குப் பாலம் அமைத்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பாக இணைந்தன. இவ்வமைப்பில் ஒவ்வொரு மையமும் தன் பகுதி வண்டிகளின் தரவை வைத்துக்கொள்கிறது. தாம்பரத்தில் எழும் கோரிக்கை சென்னை மையத்தை அடைந்து, அங்கிருந்து புதுதில்லிக்குச் செல்கிறது. இருக்கை அங்கே ஒதுக்கப்படுகிறது. சீட்டு இங்கே அச்சாகிறது.

தரவு பல இடங்களில் இருக்கிறது. பயன்படுத்துவோருக்கோ ஒன்றுபோல் தோன்றுகிறது. இத்தகைய அமைப்பைப் பரவல் தரவுத்தளம் என்பர். வங்கிக் கணக்கும், பேசியில் செய்யும் பணப்பரிமாற்றமும், நண்பருக்கு அனுப்பும் படமும் இன்று பெரும்பாலும் இத்தகைய அமைப்புகளையே நம்பியுள்ளன.

பரவல் முறையின் தேவையைத் தென்சென்னைப் புறநகர் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2015 திசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரு நிறுவனத்தின் நினைவு முழுவதும் அந்நாளில் ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்திருப்பின் என்னவாகியிருக்கும்? ஆகவே தரவின் நகல்களைத் தொலைவிலுள்ள நகரங்களிலும் வைப்பது அறிவுடைமை.

உலாவியில் ஒரு காவல்மாடம்

நகல்கள் பெருகும்போது கவலையும் பெருகுகிறது. பத்து நகரங்களில் நூறு கணினிகள் இருக்குமானால், ஒவ்வொன்றின் முன்னும் ஒருவரை நிறுத்த இயலாது. இக்குறையைத் தீர்க்க வந்தவையே இணையவழிக் கண்காணிப்பு மேலாண்மைக் கருவிகள். நாம் இணையப் பக்கங்களைப் படிக்கப் பயன்படுத்தும் அதே உலாவியில், கடவுச்சொல் தந்து நுழைந்தால், தொலைவிலுள்ள வழங்கிகளின் நிலை வரைபடங்களாகவும் வண்ணங்களாகவும் விரிகிறது. பச்சை நலத்தையும் சிவப்பு இடரையும் குறிக்கும். பார்ப்பதோடு நில்லாமல், ஒரு வழங்கியை நிறுத்தவும், மீண்டும் இயக்கவும், நகலை முதன்மையாக மாற்றவும் அத்திரையிலேயே இயலும்.

இத்தகைய கருவிகள் எங்கோ தொலைநாட்டில் மட்டும் உருவாகின்றன என எண்ண வேண்டா. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியைக் கடந்து வல்லாஞ்சேரி வரும். அங்கு வளாகம் கொண்டுள்ள சோகோ நிறுவனம், 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளோடு தொடங்கியது. 2009இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் 'மேனேஜ்எஞ்சின்' பிரிவின் கருவிகள் தரவுத்தளங்களை உலாவியின் வழியே கண்காணிக்கப் பல நாடுகளில் பயன்படுகின்றன. ஏரிக்கரையில் நடந்த நீர்க்கட்டியின் பணி, புதுவடிவில் அதே வட்டாரத்தில் தொடர்கிறது.

தெரிந்து தெளிவோம்
கண்காணிப்புத் திரையில் காண்பன:
துடிப்பு – வழங்கி இயங்குகிறது என்பதைக் குறித்த இடைவெளியில் அறிவிக்கும் சிறு செய்தி.
மறுமொழி நேரம் – கேள்வி சென்று விடை திரும்பும் வரை ஆகும் காலம்.
நகல் பின்னடைவு – முதன்மைத் தரவைவிட நகல் எத்தனை நொடி பின்தங்கியுள்ளது என்னும் அளவு.
எஞ்சிய இடம் – சேமிப்பு வட்டில் இன்னும் நிரம்பாத பகுதி.

பேசாத எச்சரிக்கை

இவ்வளவு வசதி வந்தபின் கவலை எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். திரையில் தெரிவது வழங்கி அன்று. வழங்கியைப் பற்றிய செய்தி. செய்தி தாமதமாக வரலாம்; தவறாக வரலாம்; வராமலே போகலாம். செய்தி வராமையை நலம் எனக் கொள்வதே பெரும்பிழை.

மென்பொருள் வல்லுநர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 சனவரி 31 அன்று நிகழ்ந்ததை நோக்குவோம். நகல் வழங்கி மிகவும் பின்தங்கியதால், அதிலுள்ள தரவை அழித்துவிட்டு மீண்டும் படியெடுக்கப் பொறியாளர் ஒருவர் முனைந்தார். அவர் தந்த கட்டளை நகலில் இயங்காமல் முதன்மை வழங்கியில் இயங்கிவிட்டது. ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜி.பி. தரவில் 4.5 ஜி.பி. மட்டுமே எஞ்சியிருந்தது.

நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய காப்புப்படிகளைத் தேடினர், அவை இல்லை. படியெடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் அப்பணி தோல்வியுற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டுள்ளன. அனுப்புநரை உறுதிசெய்யும் அடையாளம் இன்மையால் அவை மறுக்கப்பட்டன. கருவி கூவியது, அக்குரல் எவர் செவியையும் எட்டவில்லை. வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் ஏறத்தாழ ஆறு மணிநேரத்திற்குமுன் தம் கையால் எடுத்து வைத்திருந்த படியே நிறுவனத்தைக் காத்தது. இடைப்பட்ட ஆறு மணிநேரத் தரவு மீளவில்லை.

ஓர் ஒற்றர் கொணரும் செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்குமாறு ஒற்றாடல் அதிகாரத்தில் அரசனுக்கு அறிவுறுத்துகிறார் திருவள்ளுவர். கருவிக்கும் இது பொருந்தும். காப்புப்படி எடுக்கப்பட்டது என்று திரை சொன்னால் போதாது. அதிலிருந்து தரவை மீட்டெடுத்துப் பார்த்தால்தான் அது காப்பு.

கண்ணும் உடலும் ஒன்றாக வீழ்ந்தால்

கண்காணிக்கும் கருவி, தான் கண்காணிக்கும் அமைப்பையே நம்பி நின்றால் என்னாகும்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது தரப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் இருந்த பிழையால் அது தடுக்கப்படவில்லை. பழுதைக் காணவும் சரிசெய்யவும் பொறியாளர் பயன்படுத்தும் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்தமையால் அவையும் பெரிதும் செயலிழந்தன. இறுதியில் மனிதர்களை நேரில் தரவு மையங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

2015 வெள்ளத்தில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் சேர்ந்தே அற்றுப்போனதைக் கண்டவர்கள் நாம். வீடு மூழ்கும்போது அதனைச் சொல்லும் குரலும் மூழ்கக் கூடாது. எனவே கண்காணிப்புக்கு வேறு பாதை, வேறு மின்வழி, வேறு இடம் ஆகியவை இருத்தல் வேண்டும். இதனை ஆடம்பரச் செலவு எனக் கருதுவோர் கரை உடைந்தபின் மடையைத் தேடுபவர் ஆவர்.

தானியங்கியே போதுமா?

மனிதர் சோர்வர், கருவி சோராது. ஆகவே முடிவெடுப்பதையும் கருவியிடமே விட்டுவிடலாம் என்பார் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. நள்ளிரவில் ஒரு வழங்கி நின்றுபோனால், மனிதர் விழித்தெழுவதற்குள் கருவி மாற்று வழங்கியை இயக்கிவிடும். அவ்வுதவியை மறுப்பது பேதைமை.

ஆயினும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக்கரைத் தரவு மையத்திற்கும் அக்கரையிலேயே உள்ள வலையமைப்பு முனையத்திற்கும் இடையிலான தொடர்பு 43 நொடிகள் அறுந்தது. அந்நேரத்தில் மேலாண்மைக் கருவி தனக்குக் கற்பித்தபடியே செயல்பட்டு, முதன்மைப் பொறுப்பை மேற்குக்கரைக்கு மாற்றியது. கிழக்கில் பதிவான சில தரவுகள் மேற்கை அடைந்திருக்கவில்லை. மேற்கில் புதிய தரவுகள் சேரத் தொடங்கின. ஒரே பேரேட்டுக்கு இருவேறு கடைசிப் பக்கங்கள் உண்டாயின. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

அங்கிருந்த மனிதர்கள் எடுத்த முடிவைக் கருதிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு விரைவில் சேவையை மீட்டிருக்கலாம். அவர்களோ வேகத்தைவிடத் தரவின் உண்மையே பெரிது எனத் தேர்ந்து காத்திருந்தனர். எதனை இழக்கலாம், எதனை இழக்கலாகாது என்னும் தேர்வு கணக்கன்று, அறம். அதனைக் கருவிக்குக் கற்பிக்கும் முன் நாம் கற்றிருக்க வேண்டும்.

பார்க்கும் கண்ணும் திறக்கும் கையும்

இங்கு இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். இணையவழிக் கருவியின் சிறப்பு, எங்கிருந்தும் அணுகலாம் என்பது. அதன் இடரும் அதுவே. ஒரு கடவுச்சொல் களவு போனால் பல நகரங்களின் மடைகளை ஓரிடத்திலிருந்தே திறந்துவிடலாம். ஆகையால் திரையைப் பார்க்கும் உரிமையைப் பலருக்குத் தரலாம். மாற்றும் உரிமையைச் சிலருக்கே தர வேண்டும். மீளாத செயல்களுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும். யார், எப்போது, எதனைச் செய்தார் என்பது அழியாமல் பதிவாக வேண்டும். இப்பதிவு எவரையும் தண்டிப்பதற்காக அன்று, அடுத்தவர் கற்பதற்காக. கிட்லேப், கிட்ஹப் ஆகிய இரு நிறுவனங்களும் நடந்ததை நடந்தவாறே வெளியிட்டன. அவை மறைத்திருப்பின் இப்பாடத்தை நாம் கற்றிருக்க இயலாது.

நம் அரசுத்துறைகளும் வங்கிகளும் இந்நேர்மையைப் பழக வேண்டும். சேவை முடங்கும்போது 'சர்வர் டவுன்' என்னும் இரு சொற்களோடு மக்களைத் திருப்பி அனுப்புவது முறையன்று. என்ன நேர்ந்தது, எப்போது சீராகும், பதிவுசெய்த தரவு நலமாக உள்ளதா என அறியும் உரிமை வரிசையில் நிற்பவருக்கு உண்டு. கண்காணிப்புத் திரையின் ஒரு பகுதியேனும் பொதுமக்களை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

காவல் ஒரு கல்வி

தாம்பரத்தில் 1984இல் தோன்றிய ஏற்றுமதி வளாகமாகிய மெப்ஸ் முதல், இன்று ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஓங்கி நிற்கும் மென்பொருள் வளாகங்கள் வரை, இப்பகுதி நம் இளைஞர்களுக்குத் தொழில் தந்து வருகிறது. இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவருள் சிலர் நாளை இரவுப்பணியில் அத்திரைகளின்முன் அமரக்கூடும். நிரல் எழுதுவதைப் பெருமையாகவும், எழுதியதைக் காப்பதைச் சிறுபணியாகவும் எண்ணும் மனப்போக்கு நம்மிடையே உள்ளது. அது மாற வேண்டும்.

தரவுத்தளத்தில் ஒரு வரி என்பது வெறும் எண்ணன்று. மருத்துவத்திற்காக வெளியூர் செல்பவரின் பயணச்சீட்டு அது. தேர்வெழுதிய மாணவியின் மதிப்பெண் அது. முதியவர் ஒருவரின் ஓய்வூதியம் அது. திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும் இரவிலும், எதற்கும் ஒருமுறை காப்புப்படியை மீட்டெடுத்துப் பார்க்கும் ஒருவர் இருக்கும்வரை அவ்வரிகள் அழியா. மழையில்லாத நாளிலும் கரையில் நடந்த நீர்க்கட்டி நமக்கு விட்டுச்சென்ற பழக்கம் அதுவே.