நம்பிக்கையும் தானியக்க முதலீடும்

அறிமுகமில்லாதவரும் நாணயமாக நடந்துகொள்வார் என்று மக்கள் கருதும் மனநிலையையே ஆய்வாளர்கள் சமூக நம்பிக்கை என்கின்றனர். உலக விழுமிய ஆய்வில், பெரும்பாலோரை நம்பலாம் என்று சுவீடனில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும், தென் கொரியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும் கூறுகின்றனர். ஆயினும் தானியக்கத்தில், அதாவது மனித உழைப்பு செய்துவந்த வேலையை எந்திரத்திடம் ஒப்படைப்பதில், 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி 10,000 ஆலைத் தொழிலாளருக்கு 1,012 ரோபோக்களுடன் முதலிடம் பெற்றிருப்பது தென் கொரியாவே. ஆகவே நம்பிக்கை பெருகினால் முதலீடும் பெருகும் என்ற எளிய வாய்பாடு செல்லாது. 1987க்குப் பின் தொழிற்பூசல்கள் மிகுந்த அந்நாட்டில், தொழிலாளரைச் சார்ந்திருப்பதைக் குறைக்கும் நோக்கமும் முதலீட்டைத் தூண்டியிருக்கக்கூடும். சுவீடனின் பாதை வேறு: 1938இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் சால்ட்ஷேபாடனில் செய்துகொண்ட உடன்பாடு பேச்சுவார்த்தையை நிலையான வழக்கமாக்கியது, வேலையிழந்தோருக்கு மறுபயிற்சி தரும் ஏற்பாடுகள் பின்னர் வேரூன்றின, பெரிய மாற்றங்களுக்கு முன் தொழிற்சங்கத்துடன் பேசுவதை 1976ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. புதிய எந்திரம் தன் பிழைப்பைப் பறித்துவிடும் என்று அங்குள்ள தொழிலாளி பெரிதும் அஞ்சாததற்கு இவையே அடிப்படை. தானியக்கத்துக்கு மானியம் அறிவிக்கும் அரசுகள், முதலில் இத்தகைய பாதுகாப்புகளை உருவாக்கச் செலவிட வேண்டும்.