ஊதாதீங்க... திறந்து பாருங்க!

'டி.வி. கேம்' என்று ஒரு பெட்டி இருந்தது தெரியுமா? 1990-களில் பள்ளிக்குப் போன அப்பா, அத்தை, சித்தப்பா யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெட்டியில் கேசட்டைச் செருகுவார்களாம். டி.வி.யில் படம் வராதாம். உடனே கேசட்டை உருவி, அதன் வாயில் 'உப்... உப்...' என்று ஊதி, மறுபடி செருகுவார்களாம். படம் வந்துவிடுமாம்!

இந்த ஊதல் வைத்தியம் நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவில் கூடப் பிள்ளைகள் இப்படித்தான் ஊதினார்கள். ஆனால், அது தப்பான வைத்தியம்! ஒரு பொருள் கெட்டுப் போனால் ஊதுவதும் தட்டுவதும் வேண்டாம். உடனே தூக்கி எறிவதும் வேண்டாம். முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் என் கட்சி. ஏன் என்று அந்தப் பெட்டியை வைத்தே சொல்கிறேன்.

1983-ம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்ற வீடியோ கேம் பெட்டியை வெளியிட்டது. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உயெமுரா. நம் ஊரில் விற்ற பல 'டி.வி. கேம்' பெட்டிகள் இதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான்.

இதையே 1985-ல் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அப்போது வீடியோ கேம் வியாபாரம் படுத்துக் கிடந்தது. 'வீடியோ கேமா? வேண்டவே வேண்டாம்' என்று கடைக்காரர்கள் தயங்கினார்கள். அதனால் நின்டெண்டோ ஒரு யுக்தி செய்தது. வீடியோ கேசட் போட்டு சினிமா பார்க்கும் வி.சி.ஆர். போலப் பெட்டியின் உருவத்தை மாற்றியது. ஜப்பானில் கேசட்டை மேலிருந்து செருகினார்கள். அமெரிக்காவிலோ முன்பக்க மூடியைத் திறந்து, கேசட்டை உள்ளே தள்ளி, கீழே அழுத்த வேண்டும். இதன் பெயர் 'நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்'. சுருக்கமாக என்.இ.எஸ்.

பார்க்க அழகுதான். ஆனால், வினையும் அங்கேதான் வந்தது!

பெட்டிக்குள் 72 ஊசிகள் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கிறது. கேசட்டின் ஓரத்தில் இருக்கும் உலோகப் பட்டைகளை அந்த ஊசிகள் பிடித்துக் கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான தடவை தள்ளித் தள்ளி அழுத்தியதில் ஊசிகள் வளைந்து பிடி தளர்ந்து விட்டன. தூசியும் அழுக்கும் வேறு சேர்ந்து கொண்டன.

இதற்கு மேல், உள்ளே ஒரு காவல்காரரும் இருக்கிறார். அவர் ஒரு சின்ன சிப். கேசட்டுக்குள் அவருக்கு ஒரு ஜோடி சிப் உண்டு. பெட்டியை 'ஆன்' செய்ததும் இரண்டும் ரகசிய மொழியில் பேசிக் கொள்ளும். நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் செய்த கேசட்டுகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பேச்சு ஒத்துப் போகாவிட்டால், காவல்காரர் நொடிக்கு ஒரு தடவை பெட்டியை நிறுத்தி நிறுத்தித் தொடங்குவார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக் கொண்டே இருக்கும். அவர் பேசும் ஊசி சரியாகத் தொடாவிட்டாலும் இதே கதைதான்!

கவனித்தீர்களா? கண் சிமிட்டும் பெட்டி செத்துப் போன பெட்டி அல்ல. பெரும்பாலும் அதன் மூளை நன்றாகவே இருக்கும். தகராறு எல்லாம் வாசலில்தான். இது தெரியாமல் அதை பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் யாருக்கு நஷ்டம்?

சரி, ஊதினால் ஏன் படம் வந்தது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்! கேசட்டை உருவி மறுபடி செருகும்போது, ஊசியும் பட்டையும் புதிதாக உரசிக் கொள்கின்றன. தொடர்பு கிடைத்து விடுகிறது. வேலை செய்தது செருகல்; பெயர் வாங்கியது ஊதல். வாயிலிருந்து வரும் ஈரமோ உலோகத்தை அரிக்கும். கழுவாத செம்புப் பாத்திரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுமே, அது போல! ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது.

சரியான வைத்தியம் என்ன? காது குடையும் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, கேசட்டின் பட்டைகளைத் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு செருக வேண்டும். அதிலும் சரியாகவில்லையா? பெட்டியின் அடியில் உள்ள ஆறு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மூடி வந்துவிடும். எல்லாம் கூட்டல் குறி போட்ட சாதாரண ஸ்க்ரூக்கள். உள்ளே அந்தக் கனெக்டர், சால்டரிங் எதுவும் இல்லாமல் சும்மா செருகித்தான் இருக்கிறது. உருவிச் சுத்தம் செய்யலாம். புதிது வாங்கியும் மாட்டலாம்.

1993-ல் நின்டெண்டோ இந்தப் பெட்டியைத் திருத்தி வெளியிட்டது. கேசட்டை மேலிருந்தே செருகும்படி செய்தது. காவல்காரர் சிப்பையும் எடுத்து விட்டது. கண் சிமிட்டல் நின்றது! ஆக, கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, வடிவத்தில்தான் இருந்தது. திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட உண்மைகள் தெரியும்.

இன்னொரு செய்தி கேளுங்கள். ஜப்பானில் 1983-ல் விற்ற பெட்டியை நின்டெண்டோ 2007 அக்டோபர் வரை ரிப்பேர் செய்து கொடுத்தது. 24 ஆண்டுகள்! இன்றைய இயர்போனைப் பாருங்கள். பலவற்றில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி விடுகிறார்கள். பேட்டரி போனால் எல்லாமே போச்சு. 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால் பங்கு கூட இல்லை.

இதைச் சில நாடுகள் உணர்ந்து விட்டன. பிரான்சில் 2021-ல், போன், டி.வி., வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு 'எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம்' என்று மதிப்பெண் போட வேண்டும் என்ற விதி வந்தது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில், ரிப்பேர் செய்யும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது.

'ரிப்பேர் கூலியைவிடப் புதுசே மலிவு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில சமயம் அது உண்மைதான். எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப் போகிறது. திறந்து பார்ப்பதால் கிடைக்கும் அறிவுக்கு விலை போட முடியுமா?

ஜெர்ரி லாசன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பொறியாளர் இருந்தார். இளம் வயதில், கெட்டுப் போன டி.வி. பெட்டிகளை ரிப்பேர் செய்து காசு சம்பாதித்தவர். 1976-ல் வந்த 'பேர்சைல்ட் சானல் எப்' பெட்டியை உருவாக்கிய குழுவை அவர்தான் நடத்தினார். விளையாட்டைப் பதிந்து வைத்த கேசட்டை மாற்றி மாற்றி விளையாட வழி செய்த முதல் வீட்டு வீடியோ கேம் அது! பழையதைப் பிரித்த கைதான் புதியதைச் செய்தது.

அதற்காக நீங்கள் உடனே டி.வி.யைத் திறந்து விடாதீர்கள்! பழைய பெரிய டி.வி.யில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். நேரே சுவர் பிளக்கில் மாட்டும் எதையும், உப்பிப் போன பேட்டரியையும் தொடவே கூடாது. அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது; நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் புகைந்து விடும். வேலை தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

பேட்டரி போட்ட பொம்மை, டார்ச் லைட், ரிமோட்... ஆரம்பிக்க இவை போதும். எறியும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன கெட்டது? ஏன் கெட்டது? சரி செய்ய முடியுமா? பள்ளிகளும் மாதம் ஒரு பீரியடை இதற்கு ஒதுக்கலாம். பக்கத்துத் தெரு ரிப்பேர் கடைக்காரரையே அன்றைக்கு ஆசிரியராக அழைக்கலாம். உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் நாளைக்கே கேட்டுப் பாருங்களேன்!