மறைத்து வைத்த புண்

வருசநாட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய நாத்தனாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. பஸ் ஏறி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிஸிஸ் செய்துகொண்டு வருகிறாராம். சென்ற மாதம் தொடையில் ஊதா நிறத்தில் வலை பின்னினாற்போல் ஒரு தடிப்பு. இப்போது நடுவில் கறுத்துப் புண்ணாகியிருக்கிறது. புடைவை பட்டாலே உயிர் போகிறதாம். "இதைப் போய் ஆம்பிளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது?" என்று மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு சும்மா இருக்கிறாராம்.

அம்மணி, பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று உங்களுக்குத் தனியாகவும் கடிதம் போட்டுவிட்டேன்.

உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல்தான் இதுவும். சிறுநீரகம் படுத்துவிட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸ் கழியாமல் தங்குகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளும் நிலைதவறி, எலும்பிலுள்ள கால்சியத்தை இழுத்து விடுகின்றன. மிகச் சிலருக்கு, தோலுக்கடியில் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரில் இந்தச் சுண்ணாம்பு படிந்து, இரத்தம் உறைந்து, தோல் பட்டினியால் கருகிவிடும். கொழுப்பு மிகுந்த தொடை, வயிறு, மார்பு ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். பெண்களுக்கே அதிகம் வருகிறது; சர்க்கரை வியாதியும் ஸ்தூல சரீரமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மான்ட்ரியால் பேராசிரியர் ஹான்ஸ் ஸெல்யே, எலிகளுக்கு உண்டாக்கிய ஒரு கோளாறுக்கு 'கால்ஸிபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்தார். மனிதருக்கு வருவது வேறு தினுசு. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது!

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். இது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருஷம் தாண்டுவதில்லை; புண்ணில் கிருமி புகுவதே முக்கியக் காரணம். ஆகையால் சங்கோசத்துக்கு இது சமயமல்ல. டயாலிஸிஸ் அறையிலுள்ள நர்ஸம்மாவிடம் முதலில் காட்டட்டும். டாக்டரிடம் அவரே சொல்லுவார்.

போகும்போது மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முக்கியமாக, இருதய வால்வுக்காக வார்பரின் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் ஒரு புரதத்துக்கு வைட்டமின் கே வேண்டும். வார்பரின் அதைத் தடுத்துவிடுகிறது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து. கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி எல்லாவற்றையும் காட்டுங்கள். எலும்புக்கு நல்லதென்று பக்கத்து வீட்டு மாமி கொடுத்ததையும் சேர்த்துத்தான்.

போட்டோ கழுவுகிறவர்கள் 'ஹைப்போ' என்பார்களே, ஸோடியம் தயோசல்பேட், அதையே சுத்தமான மருந்தாக டயாலிஸிஸ் நடக்கும்போது நரம்பில் ஏற்றுகிறார்கள். சிலருக்குப் புண் ஆறுகிறது; எல்லோருக்கும் பலிப்பதில்லை. மருந்துடன் பாஸ்பரஸைக் குறைப்பதும், டயாலிஸிஸ் ஒரு நாள்கூடத் தவறாமலிருப்பதும் சேரவேண்டும்.

மஞ்சள் பற்று, சூட்டு ஒத்தடம் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். இன்ஸுலின் ஊசியை அந்தத் தொடையில் போடவேண்டாம். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.