ஹிமாச்சலில் கடல் எப்போது வந்தது?

ஊரிலிருந்து எனக்கு வருகிற போனில் பாதி "பம்பாய்ல விசாரிச்சுச் சொல்லு" ரகம். வாஷிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு நான் இன்னும் பம்பாய்க்காரன்தான். மும்பை, நவி மும்பை வித்தியாசமெல்லாம் அவர்களுக்கு வேண்டாத சமாச்சாரம். மார்க்கெட்டில் ஏலக்காய் என்ன விலை, டாட்டா ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்பதற்கு அடுத்தபடியாக வருவது கார். "அங்க செகண்ட் ஹேண்ட் வண்டி சல்லிசாக் கிடைக்குமாமே?" வெளியூரில் இருக்கும் எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி பழக்கமாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கிற சித்தி மகனிடமும் கேட்கிறார்கள், துபாயில் இருக்கிறவனிடமும் கேட்கிறார்கள்.

2025 ஆனி மாதம் அத்தானிடமிருந்து போன். அக்காவின் வீட்டுக்காரர். வாழைத் தோட்டம், கொஞ்சம் காண்ட்ராக்ட் வேலை. குரலில் ஒரே குஷி.

"மாப்ளே, ஒரு பிராடோ வருது. கோயம்புத்தூர் பார்ட்டி. பதினாலு லட்சம்தான் சொல்றான். ராணுவத்துல ஏலம் விட்ட வண்டியாம், ஹிமாச்சல் நம்பர். மேஜர் கையெழுத்து போட்ட பேப்பரெல்லாம் இருக்கு."

டொயோட்டா பிராடோ பதினாலு லட்சம் என்றதுமே எனக்கு இடித்தது. ஆனால் அத்தானுக்கு ஆசை வந்துவிட்டால் யார் சொல்லியும் கேட்கமாட்டார். ஐம்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு அக்காவின் வளையல்களை வங்கியில் வைக்கிற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் போன் வந்ததே "நீதான் ஹார்பர் பக்கத்துல இருக்கியே, பேப்பரை யார்கிட்டயாவது காட்டு" என்பதற்காகத்தான். ஹார்பர் லைன் ரயிலில் போகிறவனெல்லாம் ஹார்பர்காரன் ஆகிவிடமுடியுமா?

இருந்தாலும் ஆள் இருந்தார். செம்பூரில் இருக்கும் நண்பர், கஸ்டம்ஸ் கிளியரிங் வேலையில் தலை நரைத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷி ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டே அத்தான் அனுப்பிய படங்களைக் காட்டினேன். ஆர்.சி.யைப் பார்த்தார், ராணுவக் கடிதத்தைப் பார்த்தார், சேஸிஸ் நம்பர் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது ஜப்பான்ல செஞ்ச வண்டி. எந்தத் துறைமுகத்துல இறங்குச்சு?"

"ஹிமாச்சல்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு."

"அது தெரியுது. ஹிமாச்சல்ல கடல் எப்போ வந்துச்சு?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்த ஒரு கேள்விக்கு விற்கிற பார்ட்டியிடம் பதில் இல்லை. இரண்டு நாள் "அனுப்புறேன் சார்" என்றார்கள், மூன்றாம் நாள் போன் எடுக்கவில்லை. ஐம்பதாயிரம் போனது போனதுதான். அக்காவின் வளையல் தப்பியது. அத்தான் மட்டும் ஏதோ நான்தான் பிராடோவைப் பிடுங்கிக்கொண்டதுபோல ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்புறம்தான் புரிந்தது. வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர ஒரு முறையான வாசல் உண்டு. ஆனால் அது ஊசிக் காது. வண்டி தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கவேண்டும். ஹெட்லைட் நம்மைப்போல இடது பக்கம் ஓட்டுகிற ஊருக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். கப்பலேற்றுமுன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பழைய வண்டி என்றால் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரமுடியும். இத்தனையும் தாண்டினால் வரி. அது காரின் விலையையே தாண்டிவிடும். நூறு ரூபாய்க்கு வாங்கினால் அரசாங்கத்துக்கு நூறுக்கும் மேல். சிங்கப்பூர் சித்தி மகன் பத்து வருஷம் ஓட்டிவிட்டு அங்கே கழித்துக்கட்டும் காரை சென்னைக்கு அனுப்பமுடியாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். முடியாது, மூன்று வருஷக் கணக்கிலேயே அடிபட்டுப்போகும்.

2001 ஏப்ரல் 1 அன்று 715 பொருள்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். பழைய கார்களும் அதில் இருந்தன. ஜப்பான் கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கப்போகின்றன என்று பத்திரிகைகள் பயமுறுத்தின. ஒன்றும் இறங்கவில்லை. தடையை எடுத்த கையோடு வரியையும் நிபந்தனைகளையும் வைத்து வாசலை அடைத்தாயிற்று.

இந்த அடைப்பு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கொழும்பில் இருக்கும் உறவினர்கள் ஜப்பானில் ஓடிய விட்ஸ் காரை சொகுசாக ஓட்டுவதைப் பார்த்து எனக்கும் ஒரு காலத்தில் பொறாமை இருந்தது. ஆனால் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதும் 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியையே நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 பிப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஓடித் தேய்ந்த கார்கள்கூட வாங்கின விலைக்கு மேலே விற்றன. பூட்டானும் 2012இல் ரூபாய்த் தட்டுப்பாட்டில் கார் இறக்குமதியை நிறுத்திப்பார்த்த நாடுதான். சொந்தமாகக் கார் செய்யும் நாடு அடுத்தவன் கழித்த வண்டிக்குக் குப்பைத்தொட்டி ஆகவேண்டாம் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

என் கோபம் வேறு இடத்தில். முன்வாசல் இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது, கிடக்கட்டும், அதில் நுழைந்த வண்டிக்கு முத்திரை குத்திக் கொடுப்பதும் அரசாங்க அலுவலகம்தானே?

அத்தான் விவகாரம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி கஸ்டம்ஸ் அதிகாரிகள் கேரளா முழுக்கச் சோதனை போட்டார்கள். மலையாள சினிமா நடிகர்களின் வீடுகளும் இருந்ததால் டிவியில் ஒரே அமளி. சோதனைக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் நும்கோர்'. பூட்டான் மொழியில் நும்கோர் என்றால் வண்டி. முதல் நாளே முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். அதிகாரிகள் சொன்ன கதை இதுதான்: பூட்டான் ராணுவம் ஏலம் விட்ட லேண்ட் குரூஸர் மாதிரியான வண்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவருவது, இந்திய ராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவு அமைச்சகம் பெயர்களில் போலிக் கடிதம் தயாரிப்பது, ஹிமாச்சல், அருணாச்சல் போன்ற மாநிலங்களில் பதிவு செய்வது, அப்புறம் தெற்கே கொண்டுவந்து விற்பது. அக்டோபரில் அமலாக்கத் துறை கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் சோதனை போட்டபோது கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கும்பல் என்று சொன்னது. குற்றம் யார்மீது நிற்கும் என்பதைக் கோர்ட்தான் சொல்லவேண்டும். அத்தானுக்கு வண்டி காட்டியவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் டிவியைப் பார்த்துவிட்டு அத்தானே போன் செய்தார். "மாப்ளே..." என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பூட்டான் எல்லை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு ஆபீஸ் விஷயமாக வங்காளத்தின் ஜெய்காவ்ன் வரை போயிருக்கிறேன். இந்தப் பக்கம் ஜெய்காவ்ன், அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங், நடுவே அலங்காரமாக ஒரு வாசல். பூட்டான் நம்பர் வண்டிகள் இங்கே வந்து காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும். அவர்களும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அவர்கள் பணமும் நம் ரூபாயும் சரிக்குச் சரி. பூட்டானுக்குப் போகும் ஜப்பான் கார் கொல்கத்தாவில் இறங்கி, நமக்கு வரி கட்டாமல், நம் ரோட்டிலேயே கடந்து போகும். அந்த நாட்டுக்கு அப்படி ஒரு வசதி ஒப்பந்தத்திலேயே உண்டு. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். பூட்டானோடு நமக்கு வரியில்லா வர்த்தகம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று. அது பூட்டானில் விளைந்த, செய்த சரக்குக்கு. பூட்டான் ஆரஞ்சுக்குப் பொருந்தும். ஜப்பான் பிராடோ பூட்டானில் பத்து வருஷம் ஓடினாலும் பூட்டான் சரக்கு ஆகிவிடாது.

சரி, வாங்கினவன் கதி? அவன் என்னத்தைக் கண்டான்? ஆர்.சி. உண்மையானது, பரிவாஹன் தளத்தில் நம்பரைத் தட்டினால் வருகிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஒரு சராசரிக் குடும்பஸ்தன் இதற்குமேல் என்ன பார்ப்பான்? ஆனால் சுங்கச் சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கிறது. கள்ளத்தனமாக வந்த பொருள் நாலு கை மாறி உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும் பறிமுதலுக்கு உரியதுதான். 1962ஆம் வருஷச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் அபராதம் கட்டி மீட்க வழி உண்டு. தடைசெய்த பொருள் என்றால் அதுவும் அதிகாரியின் மனசு. அபராதம் போக வரியும் தனி. நடிகர் ஒருவர் நம்பித்தான் வாங்கினேன் என்று கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. வளையலை அடகு வைத்து வாங்குகிறவன் எங்கே போவான்?

போலிக் கடிதத்தைப் பார்த்துப் பதிவு செய்து கொடுத்த கவுண்டர்தான் பொய்யை நிஜமாக்கியது. என்.ஓ.சி. வாங்கி அடுத்த மாநிலத்துக்கு மாற்றும்போது ஒரு சுற்று சலவை, பெயர் மாற்றும்போது இன்னொரு சுற்று. கடைசியில் வாங்கியவன் கையில் இருப்பது வெள்ளை வெளேர் என்ற காகிதம். அரசாங்கம் தந்த அந்தக் காகிதத்தை நம்பியதற்காக அதே அரசாங்கம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. வெளிநாட்டில் செய்த ஒவ்வொரு காருக்கும் எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, பில் ஆஃப் என்ட்ரி நம்பர் என்ன என்ற மூன்றையும் வாங்குகிறவன் தன் போனிலேயே பார்க்கும்படி வைத்தால் என்ன? வண்டிக்குச் சொந்தக்காரன் பெயரை நட்சத்திரக் குறி போட்டு மறைக்கிறீர்கள், சரி, துறைமுகத்தின் பெயரில் என்ன ரகசியம் இருக்கிறது? அது இல்லாத வண்டியை எந்த ஆர்.டி.ஓ.வும் தொடமுடியாது என்று ஆக்கவேண்டும். தொட்டால் முதலில் கையெழுத்துப் போட்டவரிடமிருந்து விசாரணை தொடங்கவேண்டும், கடைசியில் வாங்கியவனிடமிருந்து அல்ல.

அத்தான் இப்போது ஒரு பழைய பொலேரோ வைத்திருக்கிறார், நாகர்கோவில் நம்பர். வாழைத்தார் ஏற்ற அதுதான் தோது என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

பி.கு.: நண்பர் சேஸிஸ் நம்பரில் என்ன பார்த்தார் என்று கேட்டேன். பதினேழு எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அந்த நம்பர் ஆங்கில 'ஜே'யில் தொடங்கினால் ஜப்பானில் செய்தது, நம்மூரில் செய்தது பெரும்பாலும் 'எம்'மில் தொடங்கும். 'ஜே' என்றால் இங்கே ஷோரூமில் விற்றதாகவே இருந்தாலும் துறைமுகப் பேப்பர் ஒன்று எங்கேயாவது இருந்தாகவேண்டும். நம்பரே பதினேழுக்குக் குறைந்து நடுவில் கோடு போட்டிருந்தால் ஜப்பான் உள்ளூருக்கென்றே செய்த வண்டியாக இருக்கும், கூடுதல் ஜாக்கிரதை. இந்த ஆலோசனைக்கு நண்பர் கேட்ட ஃபீஸ் இரண்டு கிலோ நேந்திரம் சிப்ஸ். அத்தான்தான் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கொடுத்துவிட்டார்.